எஸ்ஜிபிடி ஏன் ஏறியது? கொரோனாவும் கல்லீரலும்

கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில், ரத்தப் பரிசோதனை அறிக்கை படிக்கத் தெரியாத குடும்பமே இல்லை என்றாகிவிட்டது. சிஆர்பி எவ்வளவு, டி-டைமர் எவ்வளவு, ஃபெரிட்டின் எவ்வளவு என்று மாமாக்களும் சித்தப்பாக்களும் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டார்கள். அதே அறிக்கையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருக்கும். நுரையீரல் போதாதென்று கல்லீரலையும் கிருமி பிடித்துவிட்டதோ என்ற பயம் அந்த வரிகளில் தொடங்கும்.

பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பயம் தேவைப்படவில்லை. கொரோனா கல்லீரலுக்குச் செய்த கெடுதலைவிட, முன்பே கெட்டிருந்த கல்லீரல் கொரோனா நோயாளிக்குச் செய்த கெடுதல் மிகப் பெரிது. இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்ததால், அஞ்ச வேண்டாதவர்கள் அஞ்சினார்கள். அஞ்ச வேண்டியவர்கள் அசட்டையாக இருந்தார்கள்.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். மருத்துவ நூல்கள் இவற்றை இப்போது ஏஎஸ்டி, ஏஎல்டி என்கின்றன. நம் ஆய்வகங்கள் பழைய பெயரை விடவில்லை. செல்லுக்குக் காயம் பட்டால் இவை ரத்தத்தில் கசியும். லிட்டருக்கு ஏறத்தாழ 40 அலகு வரை இயல்பு என்று பல ஆய்வகங்கள் வைத்திருக்கின்றன. 60, 80 என்று வந்தால் சில செல்கள் காயப்பட்டிருக்கின்றன என்று பொருள். கல்லீரல் செயலிழந்துவிட்டது என்று பொருள் அல்ல. கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை, பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் என்ற புரதம், ரத்தம் உறைய எடுக்கும் நேரம் ஆகிய மூன்றும்தான் சொல்லும். நொதி மட்டும் ஏறி இந்த மூன்றும் சரியாக இருந்தால் மருத்துவர் பதறாமல் அடுத்த பரிசோதனைக்கு நாள் குறிப்பார். கொரோனா வார்டுகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது, எஸ்ஜிஓடி அப்படியல்ல. இதயத் தசையிலும் எலும்புத் தசையிலும் சிவப்பணுவிலும் அது உண்டு. கொரோனாவில் எஸ்ஜிஓடிதான் கூடுதலாக ஏறியது. உடம்பெல்லாம் வலிக்கும் காய்ச்சல் என்பதால், தசையிலிருந்து கசிவதைக் கல்லீரலின் கணக்கில் எழுதுகிறோமோ என்ற சந்தேகம் வந்தது. போஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளிடம் இதைச் சரிபார்த்தார்கள். தசைக் காயத்தைக் காட்டும் சிபிகே நொதியோடு எஸ்ஜிஓடி சேர்ந்து ஏறவில்லை, எஸ்ஜிபிடியோடுதான் ஏறியது. ஆக, கசிவு பெரும்பாலும் கல்லீரலிலிருந்தே.

எத்தனை பேருக்கு இப்படி ஏறியது? சீனாவில் 2020 ஜனவரி இறுதி வரை சேர்க்கப்பட்ட 1,099 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு தொடக்க கால விவரங்களைத் தருகிறது. பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 22 சதவீதத்தினருக்கு எஸ்ஜிஓடி 40ஐத் தாண்டியிருந்தது. நோய் கடுமையாக இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 39 சதவீதம்; மற்றவர்களிடம் 18 சதவீதம். நோய் முற்ற முற்ற நொதியும் ஏறுகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஏற்றமும் பெரும்பாலும் இயல்பைவிட இரண்டு, மூன்று மடங்குக்குள் நின்றது. மஞ்சள் காமாலை அரிது. கொரோனா மட்டுமே காரணமாகக் கல்லீரல் முழுவதும் செயலிழந்தவர்கள் அதைவிட அரிது.

வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழைகிறதா என்ற கேள்விக்கு விடை காண நாளாயிற்று. செல்லுக்குள் நுழைய அதற்கு ஏசிஇ2 என்ற ஏற்பி வேண்டும். கல்லீரலின் பெரும்பகுதியாக இருக்கும் ஹெபடோசைட் செல்களில் இந்த ஏற்பி குறைவு. பித்த நாளங்களின் உள்சுவரில் உள்ள செல்களில் அதிகம். சோதனைச்சாலையில் வளர்த்த பித்த நாளத் திசுவில் வைரஸை விட்டபோது அது பெருகவும் செய்தது. அப்படியானால் நோயாளிகளிடம் பித்த நாளம் காயப்பட்டதற்கான தடயம், அதாவது அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏற்றம், முன்னே நிற்க வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் ஏறவில்லை. ஏறியவை ஹெபடோசைட்டின் நொதிகள். கதவு ஒரு பக்கம், சேதம் வேறு பக்கம் என்ற இந்த முரண் ஆய்வாளர்களை நெடுநாள் குழப்பியது.

இறந்தவர்களின் கல்லீரலைப் பார்த்தவர்களும் ஒரே விடையைச் சொல்லவில்லை. கல்லீரல் செல்லுக்குள் வைரஸ் துகள்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டதாகச் சீன ஆய்வாளர்கள் சொன்னார்கள். அவை வைரஸ் அல்ல, செல்லின் சொந்த உறுப்புகள் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். ஜெர்மானிய ஆய்வுக் குழு ஒன்று 2022இல் வெளியிட்ட முடிவில், பிரேதப் பரிசோதனையில் எடுத்த கல்லீரல் மாதிரிகளில் 69 சதவீதத்தில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ இருந்தது. உயிருள்ள வைரஸையும் பிரித்தெடுக்க முடிந்தது. எனவே வைரஸ் கல்லீரலுக்குப் போகவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இவை எல்லாம் நோய் முற்றி இறந்தவர்களின் உடல்கள். வீட்டில் ஐந்து நாள் காய்ச்சலோடு தப்பியவரின் கல்லீரலுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. மஞ்சள் காமாலை வைரஸ்கள் செய்வதுபோல் கொரோனா கல்லீரலையே குறிவைத்து அழிப்பதில்லை என்பதுதான் மருத்துவ அனுபவம்.

என் கணக்கில், இந்தக் கதையில் மிகவும் கவனிக்காமல் விடப்பட்டது வேறொன்று. ஊரே துரத்திப் பார்த்த சிஆர்பி என்ற புரதம் எங்கே தயாராகிறது? கல்லீரலில். நுரையீரலில் அழற்சி மூளும்போது நோய் எதிர்ப்பு செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற வேதிச் செய்தியை ரத்தத்தில் அனுப்புகின்றன. அது கல்லீரலை எட்டியதும் கல்லீரல் தன் அன்றாட உற்பத்தியை ஒதுக்கிவைத்து, அவசரகாலப் புரதங்களைக் கொட்டத் தொடங்கும். சிஆர்பி அதில் ஒன்று. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜென் இன்னொன்று. உறைந்த ஃபைப்ரின் உடையும்போது வரும் துண்டுதான் டி-டைமர். இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டினிலும் கல்லீரலுக்குப் பங்குண்டு. ஆக, நுரையீரலின் நிலையைச் சொல்கிறது என்று நாம் நினைத்துப் படித்த அறிக்கையில் பாதி, கல்லீரல் எழுதியது.

இந்த அவசர உற்பத்தியில் பின்னுக்குத் தள்ளப்படுவது அல்புமின். கடுமையான கொரோனாவில் அல்புமின் குறைவதைக் கண்டு, கல்லீரலால் அதைத் தயாரிக்க முடியவில்லை என்று சிலர் முடிவு கட்டினார்கள். அழற்சியின்போது ரத்தக் குழாய்களிலிருந்து அல்புமின் வெளியே கசிவதும், கல்லீரல் வேறு வேலைக்கு மாறியதும் அந்தக் குறைவுக்குப் பெரிய காரணங்கள். இன்டர்லூக்கின்-6ஐ மறிக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டதும் சிஆர்பி மளமளவென்று இறங்கியதற்கும் இதுவே விளக்கம். செய்தி கல்லீரலை எட்டவில்லை, அதனால் புரதம் தயாராகவில்லை. நோயாளி அந்த அளவுக்குத் தேறிவிட்டார் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

ஆக்சிஜன் பற்றாக்குறை இன்னொரு அடி. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அது ஏற்கெனவே குடலுக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ரத்தம். எனவே நுரையீரல் தளர்ந்து, ரத்த அழுத்தமும் விழும்போது கல்லீரலின் உட்புறச் செல்கள் முதலில் மூச்சுத் திணறும். அப்போது எஸ்ஜிஓடி ஆயிரக்கணக்கில் ஏறும். ரத்த ஓட்டம் சீரானால் சில நாட்களில் அதே வேகத்தில் இறங்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இது கொரோனாவுக்கு முன்பும் பழக்கமான காட்சிதான்.

கொரோனாவுக்கே உரியதாகத் தோன்றியது ரத்த உறைவு. இத்தாலியின் வட பகுதி முதல் அலையில் சிதைந்தபோது, அங்கே இறந்த 48 பேரின் கல்லீரலை ஆராய்ந்த மருத்துவர்கள் அழற்சியை எதிர்பார்த்தார்கள். கண்டது விரிந்துபோன போர்ட்டல் சிரைக் கிளைகளையும் அவற்றுக்குள் உறைந்த ரத்தத்தையும். நுரையீரலின் நுண்குழாய்களில் நடந்தது கல்லீரலிலும் நடந்திருந்தது. செல்களில் பொடிப்பொடியாகக் கொழுப்பு படிந்திருந்ததும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

இனி, நாம் வாய்வழியாகவும் ஊசிவழியாகவும் உள்ளே அனுப்பியவை. 2020, 2021இல் ஒரு நோயாளி பத்து நாட்களில் விழுங்கிய மருந்துச் சீட்டை இன்று எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஃபாவிபிராவிர், ஐவர்மெக்டின், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், பாராசிட்டமால். மருத்துவமனை என்றால் கூடவே ரெம்டெசிவிர், ஸ்டீராய்டு. இவற்றில் பல கல்லீரல் நொதியை ஏற்றக்கூடியவை. ரெம்டெசிவிர் கொடுக்கும்போது நொதியைக் கண்காணிக்க வேண்டும், எஸ்ஜிபிடி இயல்பின் உச்சத்தைவிடப் பத்து மடங்கு தாண்டினால் நிறுத்துவதை யோசிக்க வேண்டும் என்பது அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. வைரஸ் மேல் போட்ட பழியில் ஒரு பங்கு இந்தச் சீட்டுக்கு உரியது என்றே நினைக்கிறேன்.

பாராசிட்டமாலைப் பற்றி மட்டும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 650 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு நான்கு முறை போட்டாலும் 2.6 கிராம்தான் ஆகிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு உச்ச வரம்பு 4 கிராம். ஆபத்து வேறு வழியில் வரும். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு இன்னொன்று, உடம்பு வலிக்கு மற்றொன்று என்று எடுத்துக்கொள்பவர் மூன்றிலும் பாராசிட்டமால் இருப்பதைக் கவனிப்பதில்லை. பாராசிட்டமால் உடைபடும்போது உண்டாகும் நச்சுப் பொருளைக் கல்லீரல் தன்னிடம் உள்ள குளுட்டதயான் என்ற பொருளைக் கொண்டு முடக்குகிறது. நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பவரிடமும் தொடர்ந்து குடிப்பவரிடமும் அந்தக் கையிருப்பு குறைந்திருக்கும்.

இங்கே ஒரு மூலிகையையும் பேசாமல் போக முடியாது. வட இந்தியாவில் கிலோய் என்றும் தமிழில் சீந்தில் என்றும் அறியப்படும் கொடியை, எதிர்ப்பாற்றல் கூட்டும் என்ற நம்பிக்கையில் ஏராளமானோர் பெருந்தொற்றுக் காலத்தில் கஷாயமாகவும் மாத்திரையாகவும் எடுத்தார்கள். மும்பை மருத்துவர்கள் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கல்லீரல் பாதிப்போடு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆறு பேரும் சீந்தில் எடுத்தவர்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. தோற்றத்தில் ஒத்த வேறு கொடியோடு குழப்பியிருக்கலாம் என்றது. பின்னர் நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பதிவுசெய்தன. உடலின் எதிர்ப்பாற்றலே தன் கல்லீரலைத் தாக்கும் வகையிலான பாதிப்பு அவர்களில் பலரிடம் தெரிந்தது. அந்த நோய் உள்ளுக்குள் மறைந்திருந்தவர்களிடம் மூலிகை அதைத் தூண்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

தமிழ்நாட்டில் அரசே வழங்கிய கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று என்பதால் இது நமக்கும் தொடர்புடைய செய்தி. பதினைந்தில் ஒரு பங்கைச் சில நாள் குடிப்பதும், சீந்திலை மட்டும் காய்ச்சி வாரக்கணக்கில் குடிப்பதும் ஒன்றல்ல. மேற்சொன்ன 43 பேர் கதையைக் கபசுரக் குடிநீரின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்று மாதக்கணக்கில் தொடர்ந்தவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். கல்லீரலுக்குச் செடியென்றும் மாத்திரையென்றும் பேதம் கிடையாது. உள்ளே வரும் வேதிப்பொருள் எதுவானாலும் உடைத்துப் பார்க்க வேண்டியது அதன் வேலை.

ஸ்டீராய்டு விஷயம் வேறு மாதிரியானது. கொரோனாவுக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் கல்லீரலை நேரடியாகக் கெடுப்பதற்காக அஞ்சப்படவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் பலர் உடலில் எந்த அறிகுறியும் இல்லாமல் அடங்கிக் கிடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 2.98 கோடிப் பேரிடம் இந்த வைரஸ் நாள்பட்டு இருக்கிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கிடைத்தால் அது விழித்தெழக் கூடும். நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் என்ற அளவில் ஸ்டீராய்டு கொடுத்தவரை இந்த ஆபத்து சிறியது. நம் ஊரில் அதைவிடப் பல மடங்கு அளவிலும், பல வாரங்களும், சில சமயம் மருந்துக் கடையிலேயே வாங்கியும் எடுத்துக்கொண்டார்கள். கறுப்புப் பூஞ்சை நோயில் அதன் விலை வெளியே தெரிந்தது. கல்லீரலில் அது தெரிய வேண்டுமானால் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

இப்போது உண்மையில் அஞ்ச வேண்டிய இடத்துக்கு வருவோம். நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகிறது என்று பதிவுசெய்ய 2020இல் இரண்டு சர்வதேசப் பதிவேடுகள் தொடங்கப்பட்டன. 29 நாடுகளிலிருந்து சேர்ந்த 745 நோயாளிகளின் விவரம் 2021இல் வெளியானது. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுக்கம் உள்ளவர்களில் 32 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். சிரோசிஸ் இல்லாத கல்லீரல் நோயாளிகளில் 8 சதவீதம். சிரோசிஸின் படிநிலைப்படி பிரித்தால் ஏணி இன்னும் தெளிவாகத் தெரிகிறது: தொடக்க நிலையில் 19 சதவீதம், நடுநிலையில் 35, முற்றிய நிலையில் 51. பதிவேட்டில் கடுமையான நோயாளிகளே அதிகம் சேர்ந்திருப்பார்கள் என்று கழித்துக்கொண்டாலும் இந்த ஏணி கலங்க வைக்கிறது.

இறப்புக்குக் காரணம் பெரும்பாலும் கல்லீரல் அல்ல, நுரையீரல். 71 சதவீதம் பேர் மூச்சுச் செயலிழந்தே இறந்தார்கள். சிரோசிஸ் நோயாளியின் எதிர்ப்பாற்றல் இரு விதத்திலும் கோணலாக இருக்கும்: கிருமியை விரட்டும் பலம் குறைவு, ஆனால் அழற்சி எப்போதும் புகைந்துகொண்டே இருக்கும். குடலிலிருந்து வரும் பாக்டீரியாக்களை வடிகட்டும் வேலையும் அவரிடம் சரியாக நடப்பதில்லை. வயிற்றில் நீர் கோத்திருந்தால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் விரிய இடமில்லாமல் போகும். இத்தனையோடும் கொரோனா நிமோனியா வந்து சேர்கிறது.

அதே பதிவேட்டில் மருத்துவர்கள் மறக்கக் கூடாத இன்னொரு தகவல் உண்டு. சிரோசிஸ் நோயாளிகளில் 46 சதவீதத்தினருக்குக் கொரோனாவோடு கல்லீரல் நிலையும் மோசமானது: வயிற்றில் நீர் சேர்ந்தது, நினைவு தடுமாறியது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இருமலோ மூச்சிரைப்போ இல்லவே இல்லை. வயிறு வீங்கியோ பேச்சுக் குழறியோ வந்தவரிடம் கொரோனா பரிசோதனை செய்யத் தோன்றாமல் போயிருந்தால் அவர் சாதாரண வார்டில்தான் படுத்திருப்பார்.

கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் கதை எதிர்பார்ப்புக்கு நேர் எதிராகப் போனது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுதும் சாப்பிடுபவர்கள். கொரோனாவுக்கு முதலில் பலியாவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். இப்படிப்பட்ட 151 பேரை 627 மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வில், மாற்றுக் கல்லீரல் இருப்பது மரண ஆபத்தைத் தனியாகக் கூட்டவில்லை என்று தெரிந்தது. வயதும் சிறுநீரக நிலையும் பிற நோய்களும்தான் தீர்மானித்தன. மருந்தை நிறுத்தினால் மாற்றுக் கல்லீரலை உடல் நிராகரித்துவிடும்; அதனால் பயத்தில் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று மருத்துவர்கள் வலியுறுத்தியது சரியாகவே முடிந்தது.

நம் ஊரில் கொரோனாவோடு குழம்பக்கூடிய காய்ச்சல்கள் வேறு பல உண்டு. டெங்குவில் எஸ்ஜிஓடி கொரோனாவைவிட வெகு சாதாரணமாக நூற்றுக்கணக்கில் ஏறும். எலிக் காய்ச்சலில் மஞ்சள் காமாலையே வரும். உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸிலும் நொதி ஏறும். மழைக்காலத்தில் கொரோனா உறுதியானவரின் எஸ்ஜிஓடி 400 என்று வந்தால், அதையும் கொரோனாவின் கணக்கில் எழுதி முடித்துவிடக் கூடாது. இரண்டும் ஒரே உடலில் இருந்த நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

2022 வசந்த காலத்தில் ஸ்காட்லாந்தில் சிறு குழந்தைகளிடம் காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி தோன்றியபோதும் முதல் சந்தேகங்களில் ஒன்று கொரோனா. அந்த ஆண்டு ஜூலைக்குள் 35 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். சிலருக்கு மாற்றுக் கல்லீரலே தேவைப்பட்டது. 2023இல் வெளியான பிரிட்டிஷ், அமெரிக்க ஆய்வுகள் ஏஏவி2 என்ற வேறொரு வைரஸை நோக்கி விரல் நீட்டின. அது தனியாகப் பெருக முடியாது. அடினோவைரஸ் போன்ற துணை வேண்டும். ஊரடங்கில் வீட்டுக்குள் வளர்ந்த குழந்தைகள் இந்தச் சாதாரண வைரஸ்களை ஒரே நேரத்தில் சந்தித்தார்கள் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கம். கொரோனாவுக்கு இதில் பங்கிருந்தால் அது சுற்றுவழிப் பங்குதான்.

நேரடியாகக் கல்லீரலில் தழும்பு விட்டுச் சென்ற ஒரு விளைவு உண்டு. அரிது, ஆனால் கொடியது. வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் இருந்து பிழைத்த சிலருக்கு, மாதங்கள் கழித்துப் பித்த நாளங்கள் சுருங்கி அடைபடத் தொடங்கின. நியூயார்க்கில் மருத்துவமனையில் சேர்ந்த 2,047 நோயாளிகளில் 12 பேருக்கு இப்படி ஆனது. கல்லீரல் செல்லுக்குச் சிரை, தமனி என இரு வழியில் ரத்தம் கிடைக்கிறது. பித்த நாளத்துக்குத் தமனி மட்டுமே. நீண்ட நாள் ரத்த அழுத்தம் தாழ்ந்து கிடந்தால் அதற்கு மாற்று வழியில்லை. வைரஸ் நுழையும் ஏற்பியும் அங்கேதான் நிறைய இருக்கிறது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். நுரையீரல் தேறி வீடு திரும்பிய பிறகும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறிக்கொண்டே போனால், உடம்பு அரித்தால், பித்த நாளங்களைப் படம்பிடிக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். சிலருக்குக் கல்லீரல் மாற்று வரை போக வேண்டியிருந்தது.

மற்றவர்களுக்கு நொதி சில வாரங்களில் இறங்கிவிடுகிறது. இரண்டு, மூன்று மாதங்களுக்குப் பிறகும் எஸ்ஜிபிடி 70, 80 என்றே நின்றால் கொரோனாவைக் குறைசொல்லிக் காலம் கடத்துவதில் பொருளில்லை. வயிற்று அல்ட்ராசவுண்ட், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள், சர்க்கரை அளவு, குடிப் பழக்கம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளும் லேகியங்களும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அகப்படுவது கொழுப்புக் கல்லீரல். சர்க்கரையும் தொப்பையும் உள்ள நாற்பது வயதுக்காரரிடம் அது கொரோனாவுக்கு முன்பே இருந்திருக்கும். அதுவரை எஸ்ஜிபிடி பார்க்கும் தேவை அவருக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.